தொடாதே_2

ஜவ்வரிசி மில் ஆபீசில் எனக்கு முன்னால்
இந்த நாற்காலியில் இருந்தவர் தேவசகாயம்.
வேறு வேலை கிடைத்துத் திருப்பூர் போய்விட்டார்.
விட்டுப்போனவை
ஒரு எவர்சில்வர் டம்ளர்,
எதற்கும் பொருந்தாத ஒரு சாவி,
நாற்பத்தொரு குவெரிகள்.

குவெரி1, குவெரி2, குவெரி3.
பெயர் கேட்டபோதெல்லாம் எண்டரைத் தட்டியிருக்கிறார்.
நடுவில் என்ன அக்கறை வந்ததோ,
பாக்கி,
பாக்கி_புதுசு,
பாக்கி_கடைசி,
பாக்கி_நிஜமாகவே_கடைசி.
அதற்கும் கீழே தொடாதே.
அதற்கும் கீழே தொடாதே_2.

ஒரு மாதம் தொடவில்லை.

அதற்குள் சிலது பழகிவிட்டது.
சேமித்தால் அது வைத்துக்கொள்வது
கேள்வியை மட்டும்தான், பதிலை இல்லை.
காலையில் எத்தனை லோடு என்றால் நாலு.
அதே கேள்வியை மத்தியானம் திறந்தால் ஒன்பது.
காலையில் நாலு என்றாயே என்று அதனிடம் சண்டை போட முடியாது.
முதலாளி என்னிடம் போடுவார்.

நான் நிதானமாக
வரிக்கு ஒரு நிபந்தனையாக
ஓரம் ஒதுக்கி எழுதி மூடுவேன்.
மறுநாள் திறந்தால் எல்லாம் ஒரே வரி.
நான் போடாத அடைப்புக்குறிக்குள் நான் போடாத அடைப்புக்குறி.
ஏற்காட்டுப் பாதையின் இருபது கொண்டை ஊசிகளையும்
ஒரு தீப்பெட்டியில் மடக்கி வைத்த மாதிரி.
அர்த்தம் மாறியிருக்காது.
நான் மூச்சு விட்ட இடங்களைத்தான் காணோம்.

பாயிண்ட் என்பதில் கடைசிப் புள்ளியை விட்டுவிட்டால்
தப்பு என்று சொல்லாது.
சின்னதாக ஒரு பெட்டி வந்து
"பாயிண்ட?" என்று கேட்கும்.
தாலுகா ஆபீஸ் ஜன்னல் மாதிரி,
தெரிந்தால் நீயே சொல்லிவிட்டுப் போ.
தேதி இன்னும் மோசம்.
ஜூலை ஆறில் வந்த கிழங்கை ஜூன் ஏழில் தேடும்.
பன்னிரண்டு தாண்டினால் தானாகத் திருந்திவிடும்.
மாச ஆரம்பத்தில் மட்டும் அதை நம்பக் கூடாது
(எங்கள் முதலாளியையும்).

போன வெள்ளிக்கிழமை
பேளூரிலிருந்து பொன்னுருவி வந்திருந்தார்.
எடைமேடை நிழலில் காலையிலிருந்து
ரோஸ் கலர் சீட்டோடு.
ரெண்டு டன் முன்னூறு, இருபத்தாறு பாயிண்ட்.
பணம் கொடுத்தவர்கள் பட்டியலில் அவர் இல்லை.
சரி, கொடுக்காதவர்கள் பட்டியல்.
அதிலும் இல்லை.
"சீட்டு இருக்குதே கண்ணு" என்றார்.
சீட்டு இருந்தது.

கொடுத்தது முன்னூற்றுப் பதினொன்று.
கொடுக்காதது எண்பத்திரண்டு.
டேபிளில் நானூற்றுப் பதினாறு.
கால்குலேட்டரில் போட்டேன், பேப்பரில் போட்டேன்.
இருபத்துமூன்று பேர்
எந்தப் பக்கமும் இல்லாமல்.

அப்போதுதான் தொட்டேன்.

தொடாதே_2வில் இருந்தது ஒரே ஒரு நிபந்தனை.
கட்டம் காலியா?
ஆம் என்றும் போடாமல் இல்லை என்றும் போடாமல்
கரண்ட் போன நேரத்திலோ டீ வந்த நேரத்திலோ
விட்டுப்போன கட்டங்கள்.
காலி என்பது ஆம் இல்லை.
ஆனால் "ஆம் அல்லாதவர்கள் வரலாம்" என்று கூப்பிட்டால்
அதுவும் எழுந்து வராது.
அதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும்.
தேவசகாயத்துக்குத் தெரிந்திருக்கிறது.
தெரிந்து என்ன செய்தார்,
தினமும் பார்த்துக் கொடுத்தாரா,
பார்த்துவிட்டு மூடினாரா,
திருப்பூர் நம்பரை எடுத்தேன், அடிக்கவில்லை.

பதினோராவது வரிசையில் "பொன்னு" என்று மட்டும் தெரிந்தது.
கோட்டைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தேன்.
பொன்னுருவி க/பெ மாரப்பன், பேளூர்.

முதலாளி செக் புத்தகத்தைத் தேடி எடுப்பதற்குள்
நாலு மணி பஸ் போய்விட்டது.
அடுத்தது ஐந்தே முக்கால்.
அவருக்கு டீ சொன்னேன்,
தேவசகாயத்தின் டம்ளரில்.

மூடும்போது கேட்டது
மாற்றங்களைச் சேமிக்கவா என்று.
நான் எதையும் மாற்றவில்லையே.
ஒரு பெயர் முழுசாகத் தெரியட்டும் என்று
கட்டத்தைக் கொஞ்சம் அகலமாக்கினேன், அவ்வளவுதான்.

ஆம் என்று அழுத்தினேன்.