இருபது கிராம்

சதுப்பேரிக் கரையில் சீட்டு எடுத்தோம்.
எனக்கு ஏழு. மதகுக்குப் பக்கம்,
வேலிக்காத்தான் நிழல் விழுந்த செத்த தண்ணீர்.
ஆறாம் நம்பர் எத்திராஜுலு சொன்னான்:
"உனக்குத் தவளைதான் பாய்."

ஒரு தூண்டில், மூன்று மணி நேரம்,
பிடித்ததெல்லாம் சேர்த்து எடை.

முந்தின ராத்திரியே
எலுமிச்சையால் கை தேய்த்தேன், பிறகு புளியால்.
பதினோரு வருஷத் தோல் ஷாப்பு
நகக்கண்ணை விட்டு இறங்கவில்லை.
நான் பிசைந்த மாவை
மீன் மோந்துவிட்டுப் போய்விடும்.
அதனால் மைதா பிசைந்தது பர்வீன்.
பூண்டு, ஒரு துண்டு வெல்லம்.
நான் ஸ்பூனால் எடுத்து முள்ளில் ஏற்றினேன்,
மருந்து கொடுப்பது போல.

முதல் மணி, தக்கை ஆணியடித்தது போல நின்றது.
அந்தப் பக்கம் ஜிலேபி, இன்னொரு ஜிலேபி,
எத்திராஜுலுவின் வலைப்பையில்
பஸ் கண்டக்டர் சில்லறை.

வெயில் ஏறியது.
செத்த தண்ணீரில் குமிழி.
தக்கை முங்கவில்லை,
படுத்தது.
கெண்டை கீழிருந்து தூக்கினால் அப்படித்தான்.

இழுத்தேன். அது மதகுக்கு இழுத்தது.
செருப்பு ஒன்று சேற்றோடு போனது.

பழைய இரும்புக் கடைத் தராசு.
அவன் இரண்டு கிலோ நூற்றுப் பத்து.
என் ஒற்றைக் கெண்டை
இரண்டு கிலோ தொண்ணூறு.

குக்கர் அவனுக்கு.
கை கொடுத்தான். கொடுத்த கையை
பேன்ட்டில் துடைக்கவில்லை.

கெண்டையின் வாயைப் பிரித்து மோந்து பார்த்தேன்.
பூண்டு.
பூண்டு மட்டும்.

அடுத்த ஞாயிறு கழிஞ்சூர் ஏரி.
வெல்லத்தைக் கூட்டச் சொல்லணும்.