பூச்சியம் வரவேண்டிய இடம்

மோட்டர் ஓடுது.
பற்றறி நிரம்பித்தான் கிடக்கு, ஐம்பத்துநாலு காட்டுது.
முன்லைற்றுக்குத்தான் என்னவோ பிடிச்சிருக்கு.
பிறேக்கைத் தொட்டால் மங்குது.
இடப்பக்கம் சிக்னல் போட்டால்
பின்லைற்றும் சேர்ந்து கண்ணடிக்குது.
ஹோர்ன் அடிச்சால் எல்லாம் ஒருக்காச் செத்து எழும்புது.

பண்ணையில் மறிச்ச பொலிஸ்காரன்
"அக்கா, இது லைற்றோ மின்மினியோ" எண்டான்.
நல்லகாலம், துண்டு எழுதேல்லை.

பாமசியில் கதவு இழுத்துப் பூட்டப் பத்து மணியாகும்.
அதுக்குப் பிறகு பாலம்.
ரெண்டு பக்கமும் கடல், நடுவில் நான்,
மண்டைதீவுமட்டும்.

யூட்டின்ர கடையில் கேட்டன்.
கதிரையை விட்டு எழும்பாமலே சொன்னான்:
"முழு வயரிங்கும் மாத்தவேணும். பதினெட்டு முடியும்."
பதினெட்டு எண்டால் ஆயிரம்.
மீற்றரை மட்டும் ஞாயிறு ஒருநாள் தா எண்டு வாங்கிவந்தன்.

முதல் சந்தேகம் லைற்றில்.
கழட்டி, பக்கத்துவீட்டு ஓட்டோ பற்றறியில் பிடிச்சன்.
முகத்தில் அறைஞ்சமாதிரி எரிஞ்சது.
பிறகு சுவிச்சு. அதில் பிழையில்லை.
கன்வேட்டர்: ஐம்பத்துநாலு போகுது,
பன்னிரண்டரை வருது. அதுவும் நல்லபிள்ளை.
லைற்றைக் கொழுவாமல் வயர் நுனியில் அளந்தால் பன்னிரண்டரை.
கொழுவி அளந்தால்
நாலு.

சும்மா நிக்கேக்க நிமிர்ந்து நிண்டு,
வேலை குடுத்தவுடன விழுற ஆக்களை
எங்கட கடையிலயும் கண்டிருக்கிறன்.

மத்தியானம்வரைக்கும் சிவப்பு வயரையே தடவிக்கொண்டிருந்தன்.
சோறு ஆறிப்போச்சு.
வாற கரண்டைத்தான் எல்லாரும் தேடுறது.
திரும்பிப் போற கரண்டை ஆர் பார்த்தது?

மீற்றரின்ர ஒரு காலை லைற்றின்ர கறுப்பு வயரில் வைச்சு,
மற்றக் காலைப் பற்றறியின்ர கறுப்பில் வைச்சன்.
பூச்சியம் வரவேண்டிய இடம்.
எட்டரை வந்தது.

அப்பதான் விளங்கிச்சு.
ஒழுங்கை முழுக்க வெள்ளம் நிண்டால்
வேலிப்பொட்டுக்குள்ளால புகுந்து
வளவு வளவாய்க் கடந்து போறதில்லையோ நாங்கள்,
அந்தமாதிரி
சிக்னலுக்குள்ளாலயும் பின்லைற்றுக்குள்ளாலயும்
ஹோர்னின்ர வயித்துக்குள்ளாலயும்
வீட்டை போகப் பார்த்திருக்குது கரண்ட்.
பேய் இல்லை. பாதை இல்லை, அவ்வளவுதான்.

ஹாண்டிலுக்குக் கீழ, கழுத்து மடியிற இடத்தில்
கறுப்பு ரேப் சுத்தின ஒரு மூட்டு.
உரிச்சன்.
உள்ளுக்குச் செப்பே இல்லை.
மயில்துத்த நிறத்தில் ஒரு பொடி,
ஊதினால் பறக்குது.
ஒரு வருசக் கச்சான் காத்து
பாலத்தால என்னோட வந்து
இதுக்குள்ள குடியிருந்திருக்கு.

நல்ல செப்பு வருமட்டும் வெட்டிக்கொண்டு போனன்.
ரெண்டு அங்குலம், பிறகும் ஒரு அங்குலம்.
புதுத் துண்டு வைச்சு முறுக்கி ஈயம் ஊத்தினன்.
விரல் ஒண்டு சுட்டது.
அதுக்கு மேல வசலின்,
கடை இறாக்கையில் இருந்த சின்ன டப்பி,
காசு போட்டுத்தான் எடுத்தது.

திரும்ப அளந்தன்.
பூச்சியம், புள்ளி, பூச்சியம் நாலு.
கணக்கில் எனக்கு முந்தியும் பூச்சியம் வந்ததுதான்,
அப்ப வீட்டில் ஒருத்தரும் இப்பிடிச் சிரிக்கேல்லை.

திங்கள் இரவு பாலத்தில் ஏறினன்.
வெளிச்சம் எனக்கு முன்னால ஓடுது,
கல்லு, நண்டு, ஆரோ விட்ட செருப்பு
எல்லாம் தனித்தனியாய்.
ஹோர்ன் அடிச்சுப் பார்த்தன், மங்கேல்லை.
தேவையில்லாமல் இன்னொருக்கா அடிச்சன்.

இடுப்பளவு தண்ணியில் வலையோட நிண்ட ஒரு மனுசன்
கடலுக்குள்ள இருந்து கத்தினார்:
"ஆரது? லைற்றை நூருங்கோ! இறால் வெருளுது!"

நூர்த்தன்.
தெருவும் கடலும் ஒரே கறுப்பாய்ப் போச்சு.
மோட்டரின்ர இரைச்சலை மட்டும் பிடிச்சுக்கொண்டு
மெதுவாய் அவரைக் கடந்து,
இன்னும் கொஞ்சம் கடந்து,
சுவிச்சைத் தட்டினன்.

பத்தினது.