கையெழுத்து வேண்டாம்

வில்ஹோ கெராநெனோடு
பதினோரு வருடம் சண்டை போட்டவள் நான்.
இரங்கல் கூட்டத்தில் பேச
என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

சண்டை ஒன்றே ஒன்றுதான்.
சனிக்கிழமை தேவாலயத்தின் பின்கட்டில்
உணவு வாங்க வருகிறவர்கள்
பெயரெழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.
தணிக்கைக்கு வேண்டும், மாவட்டத்துக்கு வேண்டும்,
பொருளாளர் என்ற முறையில் எனக்கு வேண்டும்.
நான் நோட்டைத் திறந்து வைப்பேன்.
அவர் அதன்மேல்
உருளைக்கிழங்கு மூட்டையை இறக்குவார்.
"பசிக்கு எதுக்கு சாட்சி, ஆர்டித்?"

சுப்பீரியர் ஏரி உறைந்து
சாலை எது கரை எது என்று தெரியாத மாதங்களில்
கெஸ்ட்ரல் பேயில் முதலில் விழிப்பது
அவருடைய பனி தள்ளும் வண்டி.
செப்புச் சுரங்கம் மூடியபின்
இந்த ஊரில் மிஞ்சியதெல்லாம் முழங்கால் வலி.
எந்தக் கதவையும் தட்டாமல்
எந்தச் சில்லறையும் வாங்காமல்
வாசல் வாசலாக வழி வெட்டிக்கொண்டு போவார்.
முன்னிருக்கையில் நாய்.

எப்போதும் யாரோ வேண்டாமென்ற நாய்.
நெடுஞ்சாலையில் இறக்கிவிடப்பட்டது.
ஒரு கண் பால்போல் வெளுத்தது.
கடைசியாக வந்த பெண் நாய் மஸ்டி
இடி கேட்டால் குளியல் தொட்டியில் ஒளியும்.
இதற்கு முன்னால் ஒளிந்த நாய்களும் உண்டு.
"தொட்டியில ரெண்டு பேரும்தான் இருப்பாங்க"
என்று ஐலி உயிரோடிருந்தபோது ஒருமுறை சொன்னாள்,
சிரிக்காமல்.

குளிர்பதன அறையில்
மான் இறைச்சிப் பொட்டலங்களை எண்ணிக்கொண்டிருந்தோம்.
நான் மறுபடி நோட்டைப் பற்றித் தொடங்கினேன்.
அவர் அலமாரியைப் பார்த்தபடி சொன்னார்:
வியட்நாமில் பத்து மாதம்
எனக்கு முன்னால் நடந்தது ஒரு நாய்.
அது நின்றால் நான் நிற்பேன்,
நான் நின்றால் பின்னால் ஒன்பது பேர் நிற்பார்கள்.
ஒன்பது பேரும் வீட்டுக்குப் போனார்கள்.
எழுபத்தொன்றில் என் முறை வந்தது.
மேசையில் ஒரு தாள் நீட்டினார்கள்.
உபரித் தளவாடம், ஒன்று.
கீழே ஒரு கோடு.

"போட்டேன். விமானம் ஏறணுமே."

அப்புறம்,
"எத்தனைன்னு சொன்னே?"
"முப்பத்திரண்டு."
முப்பத்திரண்டு என்று எழுதினேன்.
மை உறைந்து எழுத்து பாதியில் நின்றது.

அதற்குப் பிறகும் சண்டை போட்டேன்,
விதி விதிதானே.
ஆனால் நோட்டை
மூட்டை இறக்க வசதியான இடத்தில் வைத்தேன்.

பிப்ரவரியில்
ஒரு வாசல் பாதி வெட்டியிருந்தது.
வண்டி ஓடிக்கொண்டே இருந்தது,
உள்ளே வெப்பம் இருந்தது.
மஸ்டி அவர் மடியில் தலை வைத்து
ஆள் வந்ததும்கூட எழுந்திருக்கவில்லையாம்.

கொடியை முக்கோணமாக மடித்தார்கள்.
வாங்கிக்கொள்ளப் பிள்ளைகள் இல்லை.
நான் பேசினேன், கொஞ்சம் மோசமாகத்தான்;
பாதி பேச்சு தணிக்கையைப் பற்றி.

மறுநாள் ஷெரிஃப் அலுவலகத்தில்
துணை அதிகாரி கார்வின் ஒரு பட்டியலைத் திருப்பி வைத்தான்.
வாகனத்தில் கண்டெடுத்த பொருட்கள்:
மண்வெட்டி, இரண்டு.
உப்பு மூட்டை, நான்கு.
நாய், ஒன்று.
பெற்றுக்கொண்டவர் என்று எழுதி ஒரு கோடு.

கார்வினின் அம்மா
மூன்று குளிர்காலம் அந்த வரிசையில் நின்றவள்.
அவள் ஸ்வெட்டரைப் பிடித்தபடி இவன்.
எந்த நோட்டிலும் அது இல்லை.

பேனா என் கையில் ஏற்கனவே திறந்திருந்தது,
பழக்கம்.
நாற்பது வருடம் கணக்கெழுதிய கை
கோட்டைக் கண்டால் தானே இறங்கும்.
மஸ்டி மேசைக்கடியில் படுத்து
கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

கைவசம் உருளைக்கிழங்கு இல்லை.
என் கைப்பையைத் தூக்கி
அந்தத் தாளின்மேல் வைத்தேன்.
உள்ளே சாவி, மூக்குக்கண்ணாடி, இருமல் மருந்து;
கனமான பைதான்.

கார்வின் பையைப் பார்த்தான்.
பிறகு ஜன்னலுக்கு வெளியே
வெகுநேரம் பனியைப் பார்த்தான்.

காரின் பின்கதவைத் திறந்து
பழைய போர்வை விரித்துக் காத்திருந்தேன்.
முன்னிருக்கையில்தான் ஏறும் என்று
எனக்கு யாருமே சொல்லவில்லை.