மூன்று மணி ஆம்பியர்

வால்பாறைக்கு மாற்றல் என்றதும்
காங்கயத்தில் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்தார்கள்.
நாற்பது கொண்டை ஊசி வளைவும் வாந்தியெடுத்து
நான் வந்திறங்கிய குவார்ட்டர்ஸ் வாசலில்
யாரோ விட்டுப்போன பெயிண்ட் டப்பாவுக்குள்
ஒரு செடி தலைகீழாய்ப் பூத்திருந்தது.

ஃபூஷியா என்றார் எஸ்டேட் டாக்டரம்மா.
லைன் வீடுகளில் அது ஜிமிக்கி.
சிவப்புப் பாவாடை, உள்ளே ஊதாப் பாவாடை,
அதற்கும் கீழே
காது தேடித் தொங்கும் நூல்கள்.

டப்பா துருப்பிடித்து ஓட்டையாகவும்
மண்ணில் இறக்கினேன்.
கணுக்கள் இரண்டு உள்ளே போகும்படி,
முழங்கை ஆழம்.
இத்தனை ஆழமா என்று சிரித்தார்கள்.
வெயிலுக்குப் பயந்த ஊர்க் கை,
வேறெப்படி நடும்?

துணைமின் நிலையத்தில் என் வேலை
மணிக்கொரு தரம் முள்ளைப் பார்த்து எழுதுவது.
மார்கழி பாதியில் ஒன்று பிடிபட்டது:
மேகம் கிடந்தால் பயமில்லை.
வானம் கழுவிக் கவிழ்த்த தட்டுப்போல் இருந்து
இலை அசையாத ராத்திரியில்
மூன்று மணிக்கு ஆம்பியர் ஏறும்.
பங்களாக்களில் ஹீட்டர் போடுகிறார்கள்.
அந்நேரம் வெளியே
புல் நுனியில் உப்புப் பூக்கும்.

பழைய போர்வையை நாலு குச்சியில் கூடாரமாக்கி
உள்ளே நாற்பது வாட் குண்டு பல்பு தொங்கவிட்டேன்.
தை முழுக்கப் பன்னிரண்டு யூனிட்.
என் கணக்கில்தான், பணம் கட்டியிருக்கிறேன்.
தூரத்திலிருந்து பார்க்க
யாரோ குடியிருப்பது போல இருக்கும்.
தண்ணீர் வாரம் ஒரு சொம்பு மட்டும்.

மாசி பிறந்ததும் மதியம் சுட்டது.
அரிசி மணி அளவில் மொட்டு.
போர்வையைத் துவைத்து மடித்துவிட்டேன்.
பல்பு மட்டும் கிடக்கட்டும் என்று விட்டிருந்தேன்,
அரை நம்பிக்கையில்.

அன்று நைட் ஷிஃப்ட்.
யானை ஒரு கம்பத்தைச் சாய்த்துவிட்டது.
மொத்த மலையும் ஒரே இருட்டு.
கண்ணாடிக்கு அப்பால் நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது.
எனக்குத் தெரிந்துவிட்டது.
தெரிந்தாலும் வரிசை வரிசைதான்:
முதலில் ஆஸ்பத்திரி,
அப்புறம் குடிதண்ணீர் மோட்டார்,
ஃபேக்டரி, கடைத்தெரு.
குவார்ட்டர்ஸ் ஃபீடரை நான் ஏற்றியபோது
மணி ஆறு பத்து.
குறிப்புப் புத்தகத்தில் அதை மட்டும் எழுதினேன்.

செடி வெந்த கீரையாய்த் தொங்கியது.
மேலே பல்பு பளிச்சென்று எரிந்தது,
எதுவும் தெரியாத மாதிரி.

"புடுங்கி வீசிப்போட்டு மல்லி வெச்சுக்கோணும்ங்க மேடம்"
என்றார் லைன்மேன் ராக்கியப்பன்.
நகத்தால் தண்டைக் கீறினேன். பழுப்பு.
கீழே கீறினேன். பழுப்பு.
மண்ணை விலக்கி ஒரு விரல்கடைக்குக் கீழே கீற
ஈரப் பச்சை, கொத்தமல்லிக் காம்பு மாதிரி.
மண்ணை மூடிவிட்டேன்.
செத்த குச்சிகளை வெட்டவில்லை.
இன்னும் பனி வரலாம்.
நிற்கட்டும், முதல் அடி அவை வாங்கட்டும்.

உடுமலைக்கு விருப்ப மாறுதல் படிவம் வந்தது.
நிரப்ப வேண்டும்.

பங்குனிக் கடைசியில் குச்சிகளுக்கு நடுவே
ஏதோ சிவப்பாய்க் குத்தியது,
ஈறு கிழித்த பல்போல.
அன்றைக்குத்தான் கத்தரிக்கோல் எடுத்தேன்.

வைகாசியில் முதல் மொட்டு
விம்மி நின்ற காலை.
ராக்கியப்பன் மகள் தர்ஷினி பள்ளிக்குப் போகிற வழியில்
இரண்டு விரலுக்கிடையே வைத்து
டப்பென்று உடைத்துவிட்டாள்.

ஆறு மாதம்.
பன்னிரண்டு யூனிட்.
திட்ட வாயெடுத்தேன்.
அவள் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.
பக்கத்தில் இன்னொன்று
அதே அளவில் தொங்கியது.

டப்.

நல்லாத்தான் இருந்தது.