வகை எழுதப்படாத ஒன்று

வில்லுக்குறியில், டயர்க்கடைக்கு மேல் மாடியில்
ஒரு பலகை. அதில் ஆறு சில்லுகள்.
முட்டம் துறைமுக ஏலக்கூடத்துக்குப் போகிற கேமரா.
எடைத்தராசின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பது அதன் பிழைப்பு.

இயங்குதளம் ஒவ்வொரு சில்லையும் கேட்கும்,
நீ யார் என்றல்ல,
என்ன செய்வாய் என்று.

ஒளியை எண்ணாக்குபவன், எண்ணை நிறமாக்குபவன்,
நிறத்தை நினைவகத்தில் கொண்டு இறக்குபவன்.
மூவரும் சுலபம். பேச்சிப்பாறைத் தண்ணீர்
சானலில் வருவதுபோலப் படம்
ஒரு வாயில் புகுந்து மறுவாயில் விழும்.
எந்த மடை எந்த மடையோடு என்று கோடு போட்டால் தீர்ந்தது.

லென்ஸை நகர்த்தும் சில்லின் வழியே
ஒரு சொட்டுப் படமும் போவதில்லை.
பிளாஷின் வழியேயும்.
அவை கரையில் நிற்பவை, துணைக்கோடு போதும்.
இருந்தாலும் வகை உண்டு, எண் உண்டு.

ஆறாவதற்கு இல்லை.

அது துடைப்பான்.
ஆனிச்சாரலில் கண்ணாடி உப்புப் பூக்கும் என்று
டெலஸ்பின் வைத்தது: பொம்மைக்காரின் மோட்டார்,
நறுக்கிய சைக்கிள் ட்யூப்.
பட்டியலில் ரேடியோ அலை பிடிக்க ஒரு வகை இருந்தது,
யார் வீட்டிலும் இல்லாத பழைய டிவிப் பெட்டிக்கு இரண்டு.
துடைக்க ஒன்றும் இல்லை.
எழுதியவர்கள் கடலைப் பார்த்துக் கேமரா வைத்ததில்லை போல.

வெறுமையாக விட்டேன்.
உயிர்பெறும்போதெல்லாம் பதிவேட்டில் ஒரு வரி:
‘துடைப்பான்: வகை எழுதப்படவில்லை.’
திட்டாது, நிற்காது.
வாசலில் யார் செருப்பு என்று கேட்டுவிட்டு
பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போகிறவரைப் போல
மேற்கொண்டு போய்விடும்.

ஒப்படைப்பதற்கு முந்தின இரவு அந்த வரி உறுத்தியது.
சங்கத்துக்காரர்கள் பார்த்தால்?
லென்ஸ் என்று எழுதினேன்.
கண்ணாடிக்குப் பக்கத்தில்தானே, மோட்டார்தானே.
வரி மறைந்தது. நன்றாகத் தூங்கினேன்.

காலை ஐந்தரை. முதல் வள்ளத்துச் சாளை.
வியாகுலதாசன் ஏலத்தை எடுத்தார்:
ஆயிரத்தி நானூறு, ஆயிரத்தி நானூத்தம்பது...
குவியம் தேடும் நிரல் விழித்துக்கொண்டு
‘லென்ஸ் யார்?’ என்றது.
பட்டியலில் இரண்டு பேர். கடைசி ஆளைப் பிடித்தது.
முள் மங்கலா, கொஞ்சம் வலம்.
இன்னும் மங்கலா, கொஞ்சம் இடம்.
சைக்கிள் ட்யூப் போய் வந்தது, போய் வந்தது,
தெளிவைத் தேடித் தேடி
தானே மறைத்துக்கொண்டு.

“ஏ மக்கா, வெல வேண்டாம்னு கையாட்டுது பாரு!”
கூடைக்காரிகள் சிரித்த சிரிப்பில் ஏலம் அறுந்தது.
சாளை ஆயிரத்தி முந்நூறுக்குப் போயிற்று.
வியாகுலதாசன் என் பக்கம் திரும்பவேயில்லை.

திங்கள்நகர் பஸ்ஸில், மடியில் கணினி வைத்து
லென்ஸை அழித்தேன்.
“புதுசா ஒரு வகை சேத்திரலாமே,” என்றாள் டெலஸ்பின்.
சேர்க்கலாம்.
ஆனால் கொடுத்த எண்ணைத் திரும்ப வாங்க முடியாது.
எங்கோ எவரோ அதை நம்பி
ஒரு நிரல் எழுதி முடித்திருப்பார்.
தவிர, அந்தச் சில்லில் ஒரு கால் சும்மா கிடக்கிறது,
ஈரம் படிந்தால் கண்ணாடியைச் சூடாக்கக்கூடியது.
அதை நேற்றுத்தான் பார்த்தேன்.
துடைப்பான் என்று எந்த வாயால் சொல்ல?

இப்போது தினமும் ஐந்தரைக்கு
ஏலக்கூடத்துத் திரையில் அந்த வரி விழுகிறது.
ஒருநாள் வியாகுலதாசன் அதை விரலால் தொட்டார்.
“கோளாறா?”
“இல்ல. இன்னும் முடிவு பண்ணல.”
“நீயா, அதுவா?”
நான் பதில் யோசிப்பதற்குள் சாரல் அடித்தது.
ட்யூப் ஒருமுறை போய் வந்தது.
திரையில் முள் துல்லியமாகத் தெரிந்தது.
தட்டின் ஓரத்தில் இருந்த பெருவிரலை
அவர் மெல்ல எடுத்துக்கொண்டார்.