அடகில் வந்த லென்ஸ்

பனி ஸ்கூட்டருக்கு பெல்ட் மாற்றிய காசுக்கு ஈடாக
ஹால்வ்தான் விட்டுப்போன லென்ஸ் இது.
பறவைகளைப் படமெடுப்பவன். மார்ச்சில் வந்து மீட்கிறேன் என்றான்.
கைக்குழந்தையின் கனம்.
மூன்று வாரமாகப் பட்டறை அலமாரியில்
கிரீஸ் டப்பாக்களுக்கு நடுவே
மூடிய கண்ணோடு கிடந்தது.

இன்று டிசம்பர் முழுநிலவு.
வார்டோ தீவில் சூரியன் தலைகாட்டி
முப்பத்தொரு நாள் ஆகிறது.

முதல் படம்: கறுப்புத் தாளில் ஓர் ஓட்டை.
இரண்டாவது: அதே ஓட்டை, இன்னும் பெரிசாக.
மூன்றாவது
குன்றின்மேல் நிற்கும் ரேடார் உருண்டை.
(அவசரத்தில் நிலா என்று நினைத்துவிட்டேன்.)
ராத்திரிதானே என்று
ஷட்டரை நெடுநேரம் திறந்தே வைத்தேன்,
கஞ்சிக்குக் காத்திருப்பவன் வாயைப் போல.
நிலா உள்ளே வந்து
வழிந்து வீணாய்ப் போயிற்று.

மீன் ஆலைக் காவலாளி விக்கோ
வேலியோரம் சிகரெட்டோடு நின்றான்.
"அந்த விளக்கைக் கொஞ்சம் அணைப்பாயா?"
"எதை? என்னுடையதையா, மேலே இருப்பதையா?"
பத்து நிமிடம் அணைத்தான்.
முற்றத்தில் குவித்திருந்த நண்டுக் கூண்டுகள்
தங்கள் வலையின் ஒவ்வொரு கண்ணையும்
பனியில் வரைந்து காட்டின.
பிறகு மேலாளர் தொலைபேசியில் கத்த,
வரைந்ததெல்லாம் அழிந்தது.

பேட்டரி செத்தது. மைனஸ் பதினான்கு.
காய்ச்சல் பார்க்கிற மாதிரி
அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றேன்.
சும்மா நின்ற அந்த நேரத்தில்தான் உறைத்தது:
அது விளக்கில்லை.
கல்.
வெயிலில் கிடக்கிற கல்.

வெயிலில் கிடக்கும் கல்லுக்கு
வெயில் கணக்குதானே?
நொடியில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு, துளை பதினொன்று.
ஜூலையில், என் மகள் படகிலிருந்து
ஷூவோடு தண்ணீரில் குதித்தபோது வைத்த அதே கணக்கு.

சொடுக்கினேன்.

கறைகள். கீழ் விளிம்பருகே
கல்லெறிபட்ட ஜன்னலாக
நாலாபக்கமும் ஓடும் வெள்ளைக் கீறல்கள்.
எங்கும் நிழலே இல்லை.
அங்கே இப்போது உச்சிவெயில்.

முப்பத்தொரு நாளாகக் காணாத ஆள்
எங்கே வேலைக்குப் போயிருக்கிறார் என்று
தெரிந்துவிட்டது.

அப்புறம் நான் வீட்டுக்குப் போகவில்லை.
இந்த நாட்களில் எங்கள் ஊரில் நிலா மறைவதில்லை,
வாடகைக்கு வீடு தேடுகிறவன் போல
ஊரைச் சுற்றிச் சுற்றி வரும்.
முக்காலியைச் சறுக்கு நாற்காலியில் கட்டி
பின்னாலேயே தள்ளிக்கொண்டு போனேன்.
நள்ளிரவில் தேவாலயக் கூம்புக்கு மேலே.
ஆறு மணிக்குக் கோட்டைப் பக்கம்.
எட்டரைக்குப் பள்ளிப் பிள்ளைகள்
நெற்றி விளக்குகளோடு என்னைக் கடந்தார்கள்,
ஒருத்தன் லென்ஸுக்கு நாக்கைத் துருத்தினான்.

பகல் பன்னிரண்டு.
தெற்கே வானடியில்
சால்மன் தோல் நிறத்தில் ஒரு கோடு.
நேர் எதிரே, வடக்கே,
கடலுக்கு ஒரு கை உயரத்தில் நிலா.
நடுவில் நானும் பேக்கரியும்.

யோருன் கதவைத் திறந்தாள், முழங்கைவரை மாவு.
"எப்போது முடிப்பதாக உத்தேசம்?"
"ராத்திரி முடிந்ததும்."
"அப்போ ஜனவரி கடைசியில் காபி போடுகிறேன்."
ஆனாலும் எட்டிப் பார்த்தாள்.
சின்னத் திரையில் நெடுநேரம் பார்த்தாள்.
"அடி நன்றாக வெந்திருக்கிறது" என்றாள்,
ரொட்டியைச் சொல்வது போல.
உள்ளே கூப்பிட்டாள்.

வெதுவெதுப்பு பட்டதும்
லென்ஸ் முழுக்கப் பால் பூத்தது.
துடைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

முந்நூற்று ஆறு படங்கள். ஒன்றை வைத்துக்கொண்டேன்.
பட்டறைப் பற்றுச் சீட்டில்
ஹால்வ்தான் பெயருக்கு எதிரே எழுதினேன்:
'வெயில், ஒரு நாளுக்கு. பெற்றுக்கொண்டேன்.'

பெல்ட் காசு அறுநூறு குரோனர்
இன்னும் பாக்கிதான்.