வெள்ளைக் காக்கை

மைல் எண்டில் சாராயக்கடைப் பெயர்ப் பலகையில்
வெள்ளையாய் ஒரு அண்டங்காக்கை.
எங்கள் பக்கத்தில்
வெள்ளைக் காக்கை பறக்குது என்றால்
கேட்பவன் சிரிப்பான்.
இங்கே அதன் கீழே இருநூறு பேர்
வரிசையில் நிற்கிறோம்,
நாளொன்றுக்கு ஆளுக்கு ஆறு பென்னி.

பரங்கிப்பேட்டை மாமுநெய்னா என்றேன்.
ஜான் என்று எழுதிக்கொண்டான் குமாஸ்தா.
கம்பெனிக் கப்பல் என்னை இறக்கிவிட்டு
சரக்கை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.
திருத்தச் சொல்ல
அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை.

எனக்கு முன்னால் நின்றவன் யார்க்.
அது ஓர் ஊரின் பெயராம்,
இந்த நாட்டில்தான் இருக்கிறதாம்,
அவன் பார்த்ததில்லை.
நாய்க்கு வைப்பதுபோல் வைத்தார்கள் என்றான்.
கொஞ்சம் நடந்தபின்,
"நாய்க்கு இன்னும் யோசித்தார்கள்."

கப்பல் பாஷை பாதி, கை பாதியாகச் சொன்னது இது:
வர்ஜீனியாவில் தச்சன்.
ராஜா வேண்டாம் என்று அந்த ஊர் கிளம்பிய ஆண்டு
கோர்ட்டு வாசலில் மேடை போட்டவன்.
பைன் பலகை; ஆணி பதினாறு குறைவு.
மேலே ஏறி ஒருவர் காகிதம் வாசித்தார்:
மனிதர் எல்லாரும் சமமாய்ப் படைக்கப்பட்டவர்.
யார்க் கீழே குந்தி
ஆடிய காலுக்கு ஆப்பு வைத்துக்கொண்டிருந்தான்.
"தெளிவாகக் கேட்டது. தலைக்கு நேர் மேலே."

ராஜாவின் பட்டாளம் வேறு காகிதம் போட்டது:
கலகக்காரனை விட்டு ஓடிவரும் அடிமைக்கு விடுதலை.
இரவோடு இரவாக ஆற்றில் இறங்கினார்கள்,
இவனும் தம்பியும்.
கரையேறியது இவன்.
அதைச் சொல்லும்போது மட்டும்
கை பேசவில்லை.

பிறகு ராஜா தோற்றார்.
தோற்றவர்களின் கப்பலில்
விடுதலையானவனாய் லண்டன் வந்தான்.
நியூயார்க்கில் விட்டுவந்ததற்கு மனுப் போட்டான்:
உளி ஆறு, ரம்பம் ஒன்று, பன்றி நான்கு.
விடுதலைதான் கிடைத்துவிட்டதே,
இன்னும் என்ன என்று அனுப்பிவிட்டார்கள்.

தை பிறந்து ஒரு செவ்வாய்க்கிழமை
வரிசைக்கு வந்தார் கிரிம்ஸ்டெட் துரை,
யார்க்கின் பழைய எஜமான்.
முதலில் கலகக் கட்சி; காற்று திரும்பியதும்
பாயை மாற்றிக் கட்டி ராஜா கட்சி.
நிலம் போய், வீடு போய்,
முழங்கைக் கிழிசல் தெரியாமல் கைகட்டி நின்றார்.
ராஜாவுக்காக இழந்தவர்களுக்கு
லிங்கன்ஸ் இன்னில் நஷ்ட ஈடு தருகிறார்கள்.
அவர் பட்டியலில் ஏழாவது வரி
கறவை மாடு இரண்டு.
எட்டாவது வரி
யார்க், தச்சன், அறுபது பவுன்.

"சாட்சி வேண்டும், யார்க்.
நீ என்னுடையவனாக இருந்தாய் என்று
வந்து ஒரு வார்த்தை சொல்.
அரை கினி தருகிறேன்."
தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் கேட்டார்.

மண்டிக் கடையில் கணக்குப் பழகியவன் நான்.
வாய்க்குள்ளேயே வகுத்துப் பார்த்தேன்:
அறுபது பவுனில் ஆறு பென்னி
இரண்டாயிரத்து நானூறு.
ஆறரை வருஷம், ஒரு நாள் தவறாமல்,
இந்தக் காக்கைக்குக் கீழே நின்றால்
தன் விலையை அவன் வாங்கிவிடலாம்,
நடுவில் எதுவும் தின்னாமல் இருந்தால்.
அவனிடம் சொல்லவில்லை.

போனான். நானும் கூடப் போனேன்.
என்னைப் படிக்கட்டில் உட்காரச் சொன்னார்கள்.
கனத்த ஓக் கதவு.
உள்ளே நுழையுமுன் யார்க்
கீலைத் தொட்டுப் பார்த்தான்,
சரியில்லை என்பதுபோல் தலையசைத்தான்.

என்ன சொன்னான் அங்கே?
ஒரு நாள் கேட்டதற்கு,
"இந்த ஆளை என் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றேன்."
இன்னொரு நாள், குடித்திருந்தபோது,
யாரும் கேட்காமலே,
"அறுபது குறைச்சல் என்றேன்.
என் பொருத்து வேலையை அவர்கள் எங்கே பார்த்தார்கள்?"

சாட்சி சொன்னதற்கு மறுநாள்
வழக்கம்போல் வரிசையில் எனக்கு முன்னால்.
அக்குளில் சாக்கு சுற்றிய நீளமான ஒன்று.
சாக்கு விலகிய இடத்தில்
புதுப் பல், எண்ணெய்கூடக் காயவில்லை.
நான் அதைப் பார்ப்பதை அவன் பார்த்தான்.
வரிசை ஓரடி நகர்ந்தது.
என் மேல் பட்டுவிடாதபடி
பல்லைத் தன் பக்கம்
திருப்பிக்கொண்டான்.